பட்டுப் பாவாடையும் சயன்ஸ் பாடமும்

7-9-1981, திங்கள்

தண்ணீர் வடிகட்டும் துணி கிழிந்துவிட்டது. மாற்றணும்.

அப்பாண்டைநாதன் சார் (ஊருக்கு சார், எனக்கு ‘இவர்’) இன்றைக்கு ஏழாம் வகுப்பில் பட்டுப்புழுப் பாடம் எடுத்தாராம். கூட்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு நூல் எடுப்பது வரை புஸ்தகத்தில் இருக்கு. அதோடு நிறுத்தணுமா இல்லையா? “உள்ளே உயிர் இருக்கு, கொல்றது பாவம்” என்றாராம். நெசவாளர் பிள்ளைகள் நிறைந்த ஆரணி கவர்மெண்ட் ஸ்கூலில்! நாங்க ஜைனர், எங்க வீட்டில் பட்டு கிடையாது. சரி. அது வீட்டோட இருக்கட்டுமே!

9-9-1981

அடுத்த தெரு சம்பந்தம் வந்தார். பட்டு நெய்கிறவர். மகள் லீலா இவர் வகுப்பு.

“தீபாவளிக்குன்னு நானே நெய்த பாவாடைம்மா. தொடமாட்டேங்குது. ‘நீ பாவம் பண்றியா நைனா’ன்னு கேட்டுகினே இருக்குது. உங்க வூட்டுக்காரர் சயன்ஸ் வாத்தியாரா, சாமியாரா?”

மேலே எழுதிப் போடப் போறாராம். கண் கலங்கியிருந்தது. மோர் கொடுத்தேன்.

சாயந்திரம் சண்டை.

“உயிர் இருக்கா இல்லையா, ஜெயா?”

“இருக்கு. நமக்குப் பாவம், அவங்களுக்குச் சோறு. இதுல எது சயன்ஸ்?”

சாப்பிடக் கூப்பிட்டேன், வரலை. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, அப்புறம் ஜைனர் சாப்பிடக் கூடாது. பட்டினியாகப் படுத்தார், பிடிவாதக்காரர். எனக்கு மட்டும் இறங்குமா? நானும் சாப்பிடலை.

18-9-1981

புகார் போய்விட்டது. திங்களன்று வகுப்பைப் பார்க்க அதிகாரி வருகிறார். திருப்தியில்லைன்னா மாற்றல். “மாத்தட்டும்” என்கிறார். அவருக்கென்ன! சட்டி பானை தூக்கறது நான்.

21-9-1981

அதே பாடத்தையே எடுத்தாராம்! அதிகாரி கடைசி பெஞ்சில். லீலா எழுந்து “பாவமா சார்?” என்று கேட்டுவிட்டதாம்.

“உள்ளே உயிர் இருக்கு, சுடுதண்ணியில சாகுது. இது சயன்ஸ், பரீட்சையில எழுது. பாவமா இல்லையான்றது சயன்ஸ் இல்ல. எங்க வீட்டுப் பேச்சை இங்க பேசிட்டேன், தப்பு. அதை உங்க வீட்டுல கேளு.”

அதிகாரி கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். மாற்றல் இல்லை. அழுதுட்டேன். பேசினதெல்லாம் என் பேச்சு! என்னிடம் ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டாரா?

தீபாவளி

எங்களுக்கு மகாவீரர் முக்தியடைந்த நாள். சாயந்திரம் விளக்குக்குத் திரி போட்டுகினு இருந்தேன். வாசலில் லீலா. அரக்குப் பட்டுப் பாவாடை. உள்ளே வரலை.

“சார் கோச்சுக்குவாராம்மா?”

இவர் வெளியே வந்தார். என்ன சொல்லப் போறாரோ! குனிந்து கரையைப் பார்த்தார்.

“உங்க நைனா நெய்ததா? உனக்கு ரொம்ப நல்லா இருக்குதும்மா.”

“நைனா! சார் நல்லாருக்குதுன்ட்டாரு!” தெரு முழுக்கக் கத்திகினே ஓடுது பொண்ணு.

உள்ளே வந்தார்.

“ஆனாலும் பாவம்தான், ஜெயா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“தெரியும். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட வாங்க” என்றேன்.