வழுக்கையாற்று மண்

அளவெட்டி,
20.08.1986

அன்பு மகன் குகதாசன் அறிய ஐயா எழுதுவது. ஒல்லாந்தில் நீ நலமாக இருப்பாய், இருக்கவும் வேண்டும். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். உன் தம்பி தியாகலிங்கம் இல்லை. போன கிழமை ஆமி ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதில் வழுக்கையாற்றுக்குள் செத்துப்போனான்.

உன் படிப்புக்கென்று நீதான் மண் கேட்டிருந்தாய். கண்ணாடித் தொட்டிக்குள் மண்ணைப் பரப்பித் தண்ணீர் ஓடவிட்டு, மேலே கமரா வைத்துப் படம் பிடித்தால், எந்த மணல்மணி எவ்வளவு பருமன், எது எங்கே உருண்டது என்று கம்பியூட்டர் படத்தைப் பார்த்தே சொல்லிவிடும், மண்ணைச் சலிக்க அரிதட்டே வேண்டாம் என்று பெருமையாக விளக்கியிருந்தாய். எங்கள் ஆற்று மண்ணையும் அப்படிப் பார்க்க வேண்டும், மேல்மண் கலையாமல் மெல்லச் சுரண்டி எடுக்கச் சொல்லித் தம்பிக்கு எழுதினாய். ஹெலி சுற்றுகிற நேரம், போகாதே என்று மறித்தேன். “அண்ணை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை ஐயா, உந்த மண்ணைக்கூடக் குடுக்கேலாதோ?” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

குருநகரிலிருந்து மீன் கொண்டுவருகிற இன்னாசித்தம்பிதான் கண்டவன். வறண்டு கிடந்த ஆற்றுக்குள் தம்பி முழங்காலில் நின்று தகரமூடியால் சுரண்டிக்கொண்டிருந்தானாம். ஹெலிச் சத்தம் கேட்டதும் இன்னாசித்தம்பி பனைகளுக்குள் ஓடியபடி, “எறிஞ்சுபோட்டு ஓடிவாரும் தம்பி” என்று கத்தியிருக்கிறான். “ஓம் அண்ணை, மண் பையைக் கட்டிப்போட்டு வாறன்” என்றானாம். மேலேயிருந்து பார்த்தவனுக்கு அவன் கண்ணிவெடி புதைக்கிறவனாகத் தெரிந்திருக்கும்.

தம்பி செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று உன் அடுத்த கடிதம் வந்தது. தம்பி மண் எடுத்துவிட்டானா, பிந்தினால் பரிசோதனை தடைப்படும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அதை முழுதாக வாசித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. “அவனுக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ, படிப்புக் குழம்பிப்போம்” என்றாள். குழம்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்தப் பையைப் பார்சலில் அனுப்புகிறேன், கழுவவில்லை. உன் கம்பியூட்டர் அதையும் பார்த்துச் சொல்லட்டும்.

மற்றபடி புதினமில்லை. எங்கள் பசு சிவப்பி நாம்பன் கன்று போட்டிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் கம்பளி போடு. இங்கே வரவேண்டாம், கொள்ளி நானே வைத்துவிட்டேன். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ஞாபகத்தையும் தரட்டும்.

ஒன்றை மட்டும் கவனி. அம்மா இனித் தன் கடிதங்களில் தம்பி சுகமென்று எழுதுவாள். உனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் தம்பியைச் சுகம் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் ஐயா
வ. அருளம்பலம்