பாதி மூழ்கிய ஈ

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு வேடிக்கை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி நான் கட்டும் ஈ தண்ணீரின் மேல் நிற்க வேண்டும். அதை நிஜமென்று நம்பித்தான் டிரௌட் மீன் மேலே வரும். போன வாரம் நான் கட்டிய ஒரு டஜனும் பாதி உடம்பு மூழ்கி மிதந்தன. இறகை இரண்டு சுற்று குறைத்துச் சுற்றியிருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை. கான்வென்டில் தையலுக்கு முதல் பரிசு வாங்கிய கை!

என் ஈக்களை வாங்கி விற்கும் தூண்டில் கடைக்காரர் வந்து நின்றதும் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன்.

“என்னம்மா மாயம் பண்ணீங்க? தோலுரிச்சுப் பாதி வெளிய வந்த பூச்சின்னு மீனுங்க பாஞ்சு பாஞ்சு கடிக்குதாம். இதே மாதிரி இன்னும் நாலு டஜன் கட்டுங்க!”

கம்பீரமாகத் தலையாட்டிவிட்டேன். தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்து எப்படிச் செய்வது? நான்கு நாளாகக் கட்டிக் கட்டிப் பிரிக்கிறேன்.

கண் டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்த காகிதம் அங்கே உன் வீட்டில் என் பீரோவில் இருக்கிறது. அனுப்பு. அவசரமில்லை, நாளைக்கே அனுப்பு. மாப்பிள்ளையிடம் சொல்லாதே, “கெளம்பி வாங்க அத்தை” என்பார்.

தபால் எடுக்கும் நேரமாயிற்று. உன் கையெழுத்து வரவரப் பொடியாகிறது. பெரிதாக எழுதப் பழகு.

அம்மா