சேகர் ஓட்டிய காரின் பெல்ட்

என் அருமைத் தம்பி சேகருக்கு,

நீ ஓட்டிக்கொண்டிருந்த கார் போன வாரம் என் பட்டறைக்கு வந்தது. முன்பக்கத் தகரத்தையும் கண்ணாடியையும் வேறு இடத்தில் மாற்றி, பெயின்டும் அடித்துவிட்டார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை, ஒயரிங் பார்க்க வேண்டும் என்று கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முதலியார்பேட்டையில் ஒயரிங் பார்க்க வேறு ஆளே இல்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நிழலில் நிறுத்தச் சொன்னேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். உன் மகன் பாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. எதிர்வீட்டில் டிவி வாங்கியிருக்கிறார்கள், சாயங்காலமானால் அங்கேதான் கிடக்கிறான். உன் பெண்டாட்டி அமுதாதான் சரியில்லை. உன் படத்துக்கு அம்மாதான் பூ வைக்கிறாள், அமுதா அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அழுதுகொண்டிருந்தால்கூடப் புரிந்துகொள்வேன். அவளுக்கு உன்மேல் கோபம்.

காரணம் உனக்குத் தெரிந்திருக்காது. கடலூர் ரோட்டில், அந்த மழையில், பின்விளக்கு இல்லாமல் நின்ற லாரியில் நீ மோதினாய். மறுநாள் உன் முதலாளி, அந்தக் கார்க்காரர், வீட்டுக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை முடிந்து காரோடு ஊர் திரும்பிய அவரை நாமெல்லாம் முசியே என்றுதானே கூப்பிடுவோம். அவர் அழுதார். அழுதுகொண்டே, நீ பெல்ட்டை மார்பில் போடாமல் சீட்டில் பூட்டிவிட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்ததாகப் போலீஸ் சொன்னதைச் சொன்னார். போட்டிருந்தால் பிழைத்திருப்பாய் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். அமுதா அங்கேதான் நின்றாள்.

பெல்ட்டைப் பூட்டினால்தான் அந்தக் கார் ஸ்டார்ட் ஆகும் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். ஆக, சோம்பல்பட்டு வண்டியை ஏமாற்றியிருக்கிறாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பேட்டரி நன்றாக இருந்தது. ஹாரன் அடித்தது. சாவியைத் திருப்பினால் மட்டும் சத்தமே இல்லை. ஸ்டார்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன், சுற்றியது. அப்படியானால் நடுவில் எதுவோ தடுக்கிறது. பெல்ட்டைப் பூட்டுகிற பக்கிளுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மார்பின் குறுக்கே போட்டுப் பூட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. கழற்றி இறங்கி, காலி சீட்டின்மேல் பெல்ட்டைத் தளர்வாகப் பூட்டி, வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட் ஆனது.

கொஞ்ச நேரம் தெருவில் போய் நின்றேன்.

திரும்பி வந்து, பெல்ட்டைப் பூட்டி, பக்கிளிலிருந்து போகும் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்தேன். பக்கிள் தளர்ந்து கிடந்தால் எரிந்தது. உடம்போடு சேர்த்து இழுத்தால் அணைந்தது. மேலுறையைக் கிழித்தேன். உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது, ரப்பர்தான் பிடித்துக்கொண்டிருந்தது. தளர்வாக இருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொள்கின்றன. பெல்ட்டைப் போட்டு இழுத்தால் விலகிவிடுகின்றன. மோதலில் அறுந்ததோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் முனைகளில் பச்சைக் களிம்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. நம் ஊர் உப்புக்காற்றிலும் அது ஏறுவதற்கு மாதக்கணக்காகும், நீ மோதி ஒரு மாதம்தான் ஆகிறது. நீ மோதுவதற்கு வெகுமுன்பே அறுந்த ஒயர் அது.

பெல்ட் போட்டால் அந்த வண்டி உனக்கு ஸ்டார்ட் ஆகியிருக்காது, சேகர்.

ஒயரை மாற்றவில்லை. அமுதாவைக் கூட்டி வந்தேன். அந்தக் காருக்குள் உட்காரச் சொன்னபோது என்னை வெறித்துப் பார்த்தாள். காரணத்தைச் சொல்லவில்லை, உட்கார் என்று மட்டும் சொன்னேன். அவளே பெல்ட்டைப் போட்டாள், அவளே சாவியைத் திருப்பினாள். இரண்டு மூன்று தரம் திருப்பினாள். பிறகு பெல்ட்டைக் கழற்றிச் சீட்டில் பூட்டி, அதன்மேல் சாய்ந்து உட்காரச் சொன்னேன். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் கையை உதறி எடுத்துக்கொண்டாள்.

நான்தான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"அப்ப அவரு போடத்தான் பாத்துருக்காரு, இல்ல மாமா?"

"போட்டா வண்டி கெளம்பாது மா. வேற வழியில்ல அவனுக்கு."

பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே அழுதாள். நான் பட்டறைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் முசியே வந்தார். அறுந்த ஒயரை அவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஒருநா சொன்னான்பா. பெல்ட் போட்டா எடுக்க மாட்டேங்குது, அண்ணன்கிட்ட காட்டட்டுமான்னு கேட்டான். வண்டி ஓடுது இல்ல, அப்பறம் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

அன்று சாயங்காலம் அவரே வீட்டுக்குப் போய் அமுதாவிடமும் அம்மாவிடமும் அதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். யாரும் அவரை ஏசவில்லை. அம்மா காப்பி கொடுத்தாளாம், குடிக்காமல் எழுந்து போனாராம்.

புது ஒயர் போட்டு, மார்பில் பெல்ட் போட்டு ஓட்டிப் பார்த்து, வண்டியை அனுப்பிவிட்டேன். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. ரெண்டு தெரு தள்ளித்தானே என் பட்டறை இருந்தது. அவர் வேண்டாம் என்றால் என்ன, ஒருநாள் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? முதலாளி பேச்சைத் தாண்டக் கூடாது என்று இருந்துவிட்டாயா? மறந்துவிட்டாயா? அறுந்த ஒயரைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது தெரியவில்லை.

பாலு இன்னும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பான். அப்போது உன்னைப் பற்றிக் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அவனையும் ஒரு காரில் உட்கார வைத்து, அவன் அம்மாவுக்குக் காட்டிய மாதிரியே எல்லாவற்றையும் காட்டுவேன். உன் அப்பாவைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல விடாதே என்று சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
பெரியண்ணன்