விறகுக் குவியல்மேல் கிடந்த எலும்பு

வைட் தீவு
9 நவம்பர் 1996

அன்பு மகள் மெரியலுக்கு,

ஹோபார்ட்டில் இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், உன் இருமலும் விட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறார், அதற்கு மேல் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. போன மாதக் கடைசியில் அடித்த புயலில் கூரை ஓடு இரண்டு பறந்தது, சர்ச் வாசலில் இருந்த பெரிய மரம் சாய்ந்தது. எலும்பு என்ற சொல்லைக் கண்டதும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, இனிமே எலும்பைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் படிக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய், பதினான்கு வருடம் நானும் எழுதவில்லை. ஆனால் இது உன் எலும்பு மெரியல்.

உனக்குப் பத்து வயது அப்போது. ஹாக்லி பள்ளத்துக்குக் கீழே கடற்கரையில் அப்பா உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது நீ தனியாக நடந்து போய் ஒரு கறுப்புத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாய். இரண்டு நாள் அதைப் பிரஷ்ஷால் தேய்த்தாய், சமையலறைத் தராசில் நிறுத்தாய், நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாய். சனிக்கிழமை சர்ச் கூடத்தில், கல்லாகிப்போன பழங்கால எலும்புகளைப் பொறுக்கிச் சேர்க்கிற அப்பாவின் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் மேஜை போட்டுத் தங்கள் துண்டுகளைப் பரப்பியிருந்தபோது நீயும் ஒரு ஓரத்தில் அதை வைத்து, எலும்பு, எந்தப் பிராணி என்று தெரியவில்லை என்று சீட்டு எழுதி நிறுத்தினாய். அப்பா வந்து ஒரே பார்வைதான் பார்த்தார், கையில்கூட எடுக்கவில்லை, கல்லாப் போன மரம்டி இது, எடுத்து உள்ள வை, மானத்தை வாங்காதே என்றார். சிங்கி இறால் பிடிக்கிற ரெக் ஜாலிஃப் பக்கத்து மேஜையிலிருந்து, விடு லயனல், பொண்ணு அடுப்புக்கு விறகு பொறுக்கிட்டு வந்திருக்கு, குளிர்காலத்துக்கு ஆச்சு என்றார், கூடமே சிரித்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். அப்பாதான் சொல்லிட்டாரில்ல, விடேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தத் துண்டைத் தூக்கி விறகுக் குவியலின் தார்ப்பாய் பறக்காமலிருக்க மேலே வைத்தார். இருபத்திரண்டு வருடம் மழையிலும் பனியிலும் அது அங்கேயே கிடந்தது.

அப்பாவால் இப்போது பெட்டிகளைத் தூக்க முடியவில்லை, அதனால் சேகரிப்பையெல்லாம் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிடுவது என்று முடிவாகி செப்டம்பரில் அங்கிருந்து டாக்டர் இம்ரி என்ற பெண் வந்தார். பெட்டி தூக்க ரெக்கும் வந்திருந்தார், இருபது வருடமாகப் பார்க்கத் துடித்த பெட்டிகளாயிற்றே. கொட்டகைக்குப் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் விறகுப் பக்கம் ஒதுங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நனைந்த முனையில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள் தெரிந்தன, நானும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன், தினமும் விறகெடுக்கப் போகிறவள். ஒரு டைனோசரோட கழுத்து முள்ளெலும்புல பாதி இது, இந்தத் தீவுல இப்படி ஒண்ணு இதுவரைக்கும் வந்ததே இல்ல, யார் எடுத்தது, எங்க எடுத்தது என்று கேட்டார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, நான்தான் எடுத்தேன், வேல்ஸ்கோம்ல என்றார்.

அவர் ஏன் வேல்ஸ்கோம் என்றார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரெக் பக்கத்தில் நிற்கும்போது உங்கள் அப்பா எந்தக் காலத்தில் உண்மையான இடத்தைச் சொல்லியிருக்கிறார்? இவர் மட்டுமில்லை, சங்கத்தில் எல்லாரும் அப்படித்தான், நல்ல துண்டு கிடைத்த இடத்தை மறைக்க சீட்டில் இரண்டு குடா தள்ளி எழுதுவார்கள், எழுதியதை நம்பி அடுத்தவன் அங்கே போய் ஒரு நாளை வீணாக்கினால் தேநீர் நேரத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். நான்தான் எடுத்தேன் என்பதை மட்டும் எதற்குச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாசலில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன், அப்போதே வாய் திறந்திருக்கலாம். எல்லாரும் போன பிறகு கேட்டேன், அது மெரியல் எடுத்ததாச்சே, அதுவும் ஹாக்லியில என்று. அட, ரெக் நிக்கிறான்ல, நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடுறேன் என்றார். அந்த நாளை வரவேயில்லை. டாக்டர் இம்ரி அவர் பேச்சை நம்பி நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, மீதி உடம்பைத் தேடிப் பன்னிரண்டு பேரோடு வேல்ஸ்கோமில் இறங்கினார். ஒன்பது நாள் தோண்டினார்கள். உள்ளூர்ப் பேப்பரில் அப்பாவின் படம் வந்தது, கண்டெடுத்தவர் என்று. அதற்குப் பிறகு சொன்னால் சங்கத்தில் தலை காட்ட முடியாது என்றார்.

அந்த ஒன்பது நாளும் அவர் என்ன செய்தார் தெரியுமா, காலையில் தோண்டுகிறவர்களுக்கு வேல்ஸ்கோமில் இடத்தைக் கை காட்டிவிட்டு, மத்தியானம் தடியை ஊன்றிக்கொண்டு ஹாக்லிக்குப் போனார். கால்சட்டை விளிம்பு நனைந்து வெறும் பையோடு திரும்பி வருவார். எடுத்தது நீ, அவர் சாண்ட்விச் தின்றவர், இடம் அவருக்கு எப்படித் தெரியும்? பத்தாம் நாள் என்னிடம், மெரியலோட அந்த நீல நோட்டை எங்க வெச்சே என்று எதுவும் நடக்காதது போலக் கேட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மீதியையும் தானே எடுத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்றிருக்கிறார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான், சொல்லி முடித்ததும் ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. நோட்டு கிறிஸ்துமஸ் புட்டிங் கட்டுகிற துணிகளுக்கு அடியில் தகரப்பெட்டியில் இருந்தது.

அன்று மாலை உட்கார்ந்து அதைப் படித்தேன். 1974 ஆகஸ்ட் 14, கடல் வற்றியது காலை பத்தரைக்கு. ஹாக்லி மரப்படியின் கடைசிப் படியிலிருந்து கலங்கரை விளக்கப் பக்கமாக என் காலடியில் இருநூற்றுப் பன்னிரண்டு. சாம்பல் களிமண் அடுக்கு, என் இடுப்பு உயரம். உள்ளே இன்னும் இரண்டு துண்டு தெரிகிறது, கை எட்டவில்லை. எடை எண்ணூற்று அறுபது கிராம். நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது. அதற்குக் கீழே வேறு நாளில் வேறு மையில், அப்பா மரம் என்கிறார், மரமென்றால் கோடுகள் ஒரே பக்கமாக ஓடும், இதில் ஓடவில்லை, கண்கள்தான் இருக்கின்றன, ஆனாலும் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதி, அந்தக் கடைசி நான்கு சொற்களையும் அடித்திருக்கிறாய். காகிதம் கிழியும் வரைக்கும் அடித்திருக்கிறாய் மெரியல். அதற்குப் பிறகு நோட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் வெற்றுப் பக்கம்.

மறுநாளே பஸ் ஏறியிருக்க வேண்டும். புயல் வந்துவிட்டது, இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் நோட்டை டாக்டர் இம்ரியின் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு உடனே காரை எடுத்தார். பத்து வயதுக் காலடி எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டார், சமையலறைக் கதவில் உன் உயரம் குறித்த கோடு எனக்குத் தெரியும், அதை வைத்துக் கணக்குப் போட்டு நான் சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தேன், அறுபத்திமூன்று வயதில் உன் காலால் நடந்தேன். நூற்று எண்பதில் நிற்க வேண்டியதாயிற்று. அதற்கு மேல் குன்றே இல்லை. புயலில் முழுதும் சரிந்து சேறாகக் கடலுக்குள் இறங்கியிருந்தது, அலை அதைக் கரைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் இம்ரி முழங்கால் சேற்றில் நின்றபடி, ஒரு மாசம் முன்னாடி இந்த நோட்டு மட்டும் என் கையில என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தண்ணீர் ஏறும்வரை இரண்டு பேரும் பொறுக்கினோம். விரல் நீளத்தில் ஏழு துண்டு, அவ்வளவுதான். ஒன்று கல்லா எலும்பா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், இத்தனை வருடம் உங்கள் இருவரையும் அதற்காகத் திட்டியவள். ஒட்டிக்கொண்டது, எலும்புதான். உப்பும் சேறுமாக அங்கேயே நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் கொடுத்துவிட்டேன், இடம் போய்விட்டது, எடுத்தது மெரியல் என்றும் சொல்லிவிட்டேன் என்றேன். தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தார். உன் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அப்ப ரெக்குக்கும் அந்த இடம் தெரிஞ்சுபோச்சா என்று கேட்டார். அதைத்தான் கேட்டார் மெரியல். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இதோடு அருங்காட்சியகம் கொடுத்த ஒரு படிவம் வைத்திருக்கிறேன். கண்டெடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் எலும்போடு அந்தப் பெயர் இருக்குமாம். அப்பா அக்டோபரிலேயே ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதை ஓரமாக வைத்து, உன்னுடையதற்காக இந்த வருடக் கடைசிவரை காத்திருப்பதாக டாக்டர் இம்ரி சொன்னார், வராவிட்டால் அப்பாவுடையதுதான் நிற்கும். உனக்கு இதெல்லாம் வேண்டாததாக இருக்கலாம், அப்பாவை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, நானே இன்னும் அவரோடு சரியாகப் பேசவில்லை. அடித்துவிட்ட அந்த நான்கு சொற்களுக்காகப் போடு. முழுதாகப் படித்துவிட்டு பென்சிலில் குறித்த இடத்தில் பேனாவால் போடு, தபால் அங்கிருந்து வர இரண்டு வாரம் ஆகும், கிறிஸ்துமஸ் நெரிசலுக்கு முன்னால் அனுப்பிவிடு. இருமலை அசட்டையாக விடாதே. கடவுள் உன்னை நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும், உன் கண் எப்போதும் போல உனக்குச் சரியாகவே காட்டட்டும், அதை நம்ப இனி யாரையும் கேட்காதே.

அன்றைக்கு விடேன் என்று சொன்ன
உன் அம்மா,
ஹெஸ்டர் செவர்ட்டன்