நடத்துநர் ஸ்ரீஜா எனக்கு அந்தச் சீட்டைத் தரவில்லை

அனுப்புநர்:
திருமதி பெர்லின் சிலாஸ்,
மென்பொருள் பயிற்சி மாணவி,
மே/பா திருமதி யூனிஸ், மாடி வீடு,
மெட்டுகுடா, செகந்திராபாத்.

பெறுநர்:
திரு. வெங்கட்ரமணன் அவர்கள்,
பணிமனை மேலாளர்,
நகரப் பேருந்துப் பணிமனை, செகந்திராபாத்.

பொருள்: நடத்துநர் ஸ்ரீஜா மீது நான் சொன்ன பொய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதும், விசாரணையில் என்னை அழைக்க வேண்டுவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகுதான் கை ஒழிந்தது. தங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று வீட்டுக்கார யூனிஸ் அக்கா சொன்னதால் துணிந்து தமிழில் எழுதுகிறேன். தெலுங்கு எனக்குத் தெரியாது.

1. என் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம். அமீர்பேட்டில் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன். கணவர் ஊரில் வேலை பார்க்கிறார். மூன்றரை வயது மகள் ஜெமிமாவைப் பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறேன். முதல் நாள் மெட்ரோவில் போனோம். அமீர்பேட்டில் இறங்கிய கூட்டத்தில் பிள்ளையின் கை நழுவிவிட்டது. உடனே பிடித்துவிட்டேன் என்றாலும் அந்தப் பயம் போகவில்லை. அதிலிருந்து பேருந்துதான்.

2. எங்கள் ஊர்ப்பக்கம் நகரப் பேருந்தில் பெண்கள் ஏறினால் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கும் அப்படித்தான் என்று நினைத்து, மற்ற பெண்கள் ஆதார் அட்டையைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்து நானும் காட்டினேன். கூட்டத்தில் சில நாள், இங்கே ஜீரோ டிக்கெட் என்கிற இலவசச் சீட்டு வந்தது. ஒரு நாள் ஸ்ரீஜா என் அட்டையை வாங்கி விலாசத்தைப் பார்த்தார். இது இந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், நாளையிலிருந்து ஜீரோ டிக்கெட் நக்கோ, வேண்டாம், காசு கொடுத்து வாங்குங்கள் அம்மா என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காமல் தணிந்த குரலில் சொன்னார். மறுநாளிலிருந்து வாங்கினேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

3. பலகையில் உள்ள தெலுங்கை வாசிக்கத் தெரியாமல் நான் விழிப்பதைப் பார்த்து, பேகம்பேட் தாண்டி நான் இறங்கும் இடம் நெருங்கியதும் "தமிழம்மா, எழுந்திரு" என்று குரல் கொடுப்பவரும் இதே ஸ்ரீஜாதான். பிள்ளைக்கு உட்கார இடம் கேட்டு வாங்கித் தருவார். ஒருமுறை இடம் விட மறுத்த ஒரு பெண்ணிடம், இந்த சீட் உன் மாமியார் சீதனமா என்று கேட்டுச் சிரிக்க வைத்தே எழுப்பினார்.

4. போன வெள்ளிக்கிழமை காலை ஜெமிமாவுக்குக் காய்ச்சல். அன்று வகுப்பில் தேர்வு, அதனால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே ஏறினேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் தன் தோழிக்கும் சேர்த்து இரண்டு ஜீரோ டிக்கெட் வாங்கியிருந்தாள். தோழி தனியாக வாங்கிவிட்டதால் ஒன்று மிஞ்சியது. அதை என்னிடம் நீட்டினாள். பர்ஸைத் திறக்க ஒரு கை இல்லை, ஊரில் இது இலவசம்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று வாங்கிக்கொண்டேன். ஸ்ரீஜா டிக்கெட் கேட்டு வந்தபோது அந்தச் சீட்டைச் சுருட்டியபடியே தூக்கிக் காட்டினேன். என்னை நம்பி அடுத்தவரிடம் போய்விட்டார்.

5. அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர்கள் ஏறினார்கள். அட்டையைக் கேட்டார்கள். தூத்துக்குடி விலாசத்துக்கு ஜீரோ டிக்கெட் யார் கொடுத்தது என்று இந்தியில் கேட்டார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். படித்தவள் மாதிரி இருக்கிறாள் என்று பின்னால் யாரோ இந்தியில் சொன்னது எனக்குப் புரிந்தது. நான் "கண்டக்டர்" என்று சொல்லிவிட்டேன், ஐயா. அட்டையைப் பார்த்தாரா என்று கேட்டதற்கு இல்லை என்றேன்.

6. ஸ்ரீஜா ஓடி வந்தார். நான் கொடுத்தேனா, அன்றைக்கே நக்கோ என்று சொன்னேனே, சொல்லுங்கள் அம்மா என்று கேட்டார். நான் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். பரிசோதகர் பிள்ளையின் நிலைமையைப் பார்த்து என்னை டிக்கெட் மட்டும் வாங்கச் சொல்லி விட்டுவிட்டார். ஸ்ரீஜா மீது புகார் எழுதிக்கொண்டு போனார். அதன்பின் அந்த வண்டியில் வேறு நடத்துநர். ஸ்ரீஜாவைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், வரும் திங்கட்கிழமை விசாரணை என்றும், தற்காலிக ஊழியர் என்பதால் வேலையே போய்விடலாம் என்றும் அந்தப் புது நடத்துநர்தான் சொன்னார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யார் என்று தெரிந்திருக்கும்.

7. இதை என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. யூனிஸ் அக்காவிடம் இன்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே ஐயா, ஸ்ரீஜா எனக்கு அந்தச் சீட்டைத் தரவில்லை என்பதையும், முன்பே அட்டையைப் பார்த்து எச்சரித்தவர் என்பதையும் என் வாக்குமூலமாகப் பதிந்துகொள்ள வேண்டுகிறேன். திங்கட்கிழமை நேரில் வந்து, அன்று என்னைக் கேட்ட அதே பரிசோதகர் முன்னிலையில் சொல்லத் தயாராக இருக்கிறேன். சட்டப்படி எனக்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன். பயிற்சி நிலையத்துக்குத் தெரிவித்தாலும் சரி. அன்று மாலைக்குள் ஸ்ரீஜாவை மறுபடி பணிக்கு வண்டியில் ஏற்றிவிட முடிந்தால் போதும்.

எத்தனை மணிக்கு, எந்த அறைக்கு வர வேண்டும் என்று திங்கட்கிழமைக்கு முன் தெரிய வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.

இடம்: செகந்திராபாத்
நாள்: 12.08.2025

பணிவுடன்,
பெர்லின் சிலாஸ்