வாடை வருமா என்று கேட்டவர்கள்

அண்ணி,

இன்று காலை நெத்திலி மூட்டையைப் பிரித்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து அண்ணனின் படகு கொண்டுவந்த முதல் நெத்திலி. நன்றாகக் காய்ந்து, அள்ளினால் சலசலவென்று சத்தம் போடுகிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்சலுக்கு டேப் கிழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே ஒரு நொடி நினைத்துவிட்டேன். உங்களுக்கு இடம் விட்டுத் தள்ளிக்கூட உட்கார்ந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, மேசைமேல் இருந்த உங்கள் போன் 'டிங்' என்றது.

நம் கருவாட்டுப் பேஜில் யாராவது ஏதாவது எழுதினால் கேட்பதற்காக நீங்கள் வைத்த சத்தம் அது. நீங்கள் இருந்தவரை அது கேட்டால், "யாரோ கூப்பிடுறாங்க" என்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவீர்கள். எனக்கோ அன்றும் சரி, இன்றும் சரி, எழுந்து போகவே மனசு வராது. புழு வந்துவிட்டதோ, பார்சல் போய்ச் சேரவில்லையோ, யாருக்காவது வயிற்றுப்போக்கோ என்று எடுப்பதற்குள் ஆயிரம் யோசனை. எடுத்துப் பார்த்தால் பெங்களூர் கவிதா. "அக்கா, நீங்க முன்ன மாதிரி பேசுறதே இல்லையே. ஆர்டர் அனுப்பியாச்சு, நன்றி, அவ்ளோதானா? எங்க மேல ஏதாச்சும் கோவமா?" என்று கேட்டிருந்தாள்.

உங்களைத்தான் கேட்கிறாள், அண்ணி. நீங்கள் போய்விட்டது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டுமல்ல, அந்தப் பேஜில் இருக்கிற ஒருவருக்குமே நான் இன்னும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான், வேறென்ன. அவர்கள் இத்தனை நாளாக வாங்கியது நம் கருவாட்டையா, உங்கள் பேச்சையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த அக்காவே இல்லை என்றானதும் ஒவ்வொருவராக நழுவிவிட்டால்? களத்தில் மீன் காயவைக்கிற செல்வி அக்காவும் மற்றவர்களும் நம்மை நம்பித்தான் இருக்கிறார்கள். பேஜ் படுத்துவிட்டால் பழையபடி மொத்த வியாபாரி வண்டியோடு வந்து நிற்பார். அவர் சொன்னதுதான் விலை. அந்த நிலைமையிலிருந்து வெளியே வரத்தானே நீங்களும் நானும் இந்தப் பேஜையே தொடங்கினோம்.

தொடங்கியபோது நான் பண்ணிய ஆர்ப்பாட்டம் நினைவிருக்கிறதா? மயிலாடுதுறையிலிருந்து ஒருவரை வரவழைத்து, டிரோன் பறக்கவிட்டு, விடியலில் படகுகள் கிளம்புவதையும் நம் தரங்கம்பாடிக் கோட்டை மதிலையும் படம் பிடித்துப் போட்டேன். பின்னால் தவில், நாதஸ்வரம் வேறு. லைக் கொட்டியது. ஆர்டர் மட்டும் ஒன்றிரண்டுக்கு மேல் வரவில்லை. "எல்லாரும் கோட்டையைப் பாத்துட்டுப் போயிட்டாங்க நாத்தனாரே, கருவாட்டை ஒருத்தரும் பாக்கல" என்று சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்தது.

நீங்கள் கல்யாணத்துக்கு முன் சென்னையில் கால் சென்டரில் வேலை பார்த்தவர். நாளெல்லாம் முகம் தெரியாதவர்களின் கோபத்தைக் காதில் வாங்கியவர். லைக் போட்டவர்களை விட்டுவிட்டு, கேள்வி கேட்டவர்களை மட்டும் ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தீர்கள். மாற்றி மாற்றி எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள். வாடை வருமா?

அதற்கெல்லாம் நான் ஏற்கெனவே பதில் போட்டிருந்தேன். 'எங்கள் கருவாடு முதல் தரம், கெட்ட வாடையே வராது' என்று. அதற்கு மேல் அவர்கள் யாரும் எதுவும் பேசவில்லை. "நீ பதில் சொல்லி வாயை அடைச்சிட்டே" என்றீர்கள். பிறகு அதே கேள்வியைக் கேட்டு, ஒரே ஒரு முறை ஆர்டர் போட்டிருந்த கவிதாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "சொல்லுங்க கவிதா. வாடை வந்தா உங்களுக்கு என்ன ஆகும்?" அவ்வளவுதான் நீங்கள் கேட்டது. கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டீர்கள். நான்தான் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சாயங்காலம் அவள் அனுப்பிய பதில் நீளமாக இருந்தது. நாகப்பட்டினத்துப் பெண். பெங்களூரில் வாடகை வீடு. மீன் சமைப்பீர்களா என்று கேட்டே பல வீடுகளில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கடைசியில் இல்லை என்று பொய் சொல்லி இந்த வீட்டைப் பிடித்திருக்கிறாள். நம் பார்சலின் வாடை லிஃப்டில் பரவி, மாடியில் இருக்கிற வீட்டுக்காரர் வந்து நின்றிருக்கிறார். பெட்டிமேல் இத்தனை பெரிய வஞ்சிர மீன் படம், தடித்த எழுத்தில் 'தரங்கம்பாடிக் கருவாடு'. யாருக்கோ வந்தது தவறி இங்கே வந்துவிட்டது என்று கூரியர்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். "வீட்டுக்காரர் ஊருக்குப் போனாத்தான்க்கா வறுப்பேன். ஜன்னல் கதவு எல்லாத்தையும் சாத்திட்டு, ஊதுவத்தி கொளுத்தி வச்சுட்டு வறுப்பேன்" என்றாள். குரல் தணிந்திருந்தது. அதைச் சொல்லும்போதே யாருக்காவது கேட்டுவிடுமோ என்று பயந்த மாதிரி.

அந்த மீன் படம் நான் ஆசை ஆசையாகப் பார்த்துப் பார்த்துப் போட்டது. படம் எழுத்து எதுவும் இல்லாத பெட்டிக்கு மாறலாம் என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாம என்ன கள்ளச் சரக்கா விக்கிறோம்? நம்ம தொழிலை நாமளே மூடி மறைக்கணுமா?" என்று கத்தினேன். அண்ணன்கூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை. "அவங்க வெக்கப்படலடி. பயப்படுறாங்க. பயம்னா என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்றீர்கள். எனக்கா தெரியாது? அலை கொஞ்சம் இரைந்தாலே தூக்கம் கெட்டுப்போகிறவள் நான்.

காற்று புகாத இரண்டு உறை, அதன்மேல் வெறும் பழுப்புப் பெட்டி, அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர் மட்டும். பேஜில் நீங்கள் எழுதியது ஒரே வரி: 'பெட்டியைப் பார்த்து உள்ளே என்ன என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.' அந்த ஒரு வரிக்கு வந்த கூட்டத்தை என் டிரோன் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஹைதராபாத், புனே, துபாய் என்று எங்கெங்கோ ஒளிந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாம் வந்தார்கள்.

எல்லாம் உங்களால் சரியாக நடந்தது என்றும் சொல்ல மாட்டேன். உப்புக் கரிக்கிறது என்று நிறையப் பேர் எழுதினார்கள் என்பதற்காக வாளைக் கருவாட்டில் உப்பைக் குறைத்தீர்கள். செல்வி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஐப்பசி மழையில் அத்தனையும் பூஞ்சை பிடித்தது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீங்கள் பேஜில் முகத்தைக் காட்டி, "நீங்க கேட்டீங்கன்னு உப்பைக் கொறைச்சேன். கெட்டுப்போச்சு. தப்பு என்னோடது. இனிமே உப்பு உப்பாத்தான் இருக்கும், தண்ணியில ஊறப்போட்டுச் சமைங்க" என்றீர்கள். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே, எப்படி ஊறப்போடுவது, எவ்வளவு நேரம் என்று ஆளாளுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் ரத்தத்தில் அந்த வியாதி வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் நீங்கள், பக்கத்தில் நான், என் மடியில் ரிப்போர்ட் பை. கும்பகோணம் தாண்டினால் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருக்கும். வாய்க்காலில் புதுத் தண்ணீர். ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்று நான் பையை இறுக்கிப் பிடித்திருப்பேன். நீங்கள் போனைக் காதில் வைத்து யாரோ ஒரு புனேக்காரம்மாவின் மாமியார் கதையைக் கேட்டுக்கொண்டு வருவீர்கள். "கருவாடு வேணுமாமா?" என்று நான் எரிச்சலோடு கேட்டால், "அதை இன்னும் சொல்லல. முதல்ல மாமியார் முடியட்டும்" என்பீர்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட ஊசி குத்தாத கையில் போன் இருந்தது. குரல் தேய்ந்துகொண்டே வந்தது. தொடக்கம் மட்டும் மாறவில்லை. சொல்லுங்க.

நீங்கள் போனபின் கும்பகோணத்தில் விளம்பர வேலை பார்க்கிற ஒருவரிடம் போனேன். மரியாதையான மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம், அவங்க வாய்ஸ் உங்ககிட்ட நிறைய இருக்கில்ல? அதை வச்சு அவங்களே பேசுற மாதிரி பண்ணிடலாம். கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். மறுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, அண்ணி. உங்கள் குரலை மறுபடி கேட்கலாம் என்ற ஆசை வேறு. கொஞ்சம் கொடுத்தேன். இரண்டு நாளில் மாதிரி ஒன்று அனுப்பினார். "வணக்கம், உங்கள் கருத்துக்கு மிக்க நன்றி." அச்சு அசல் உங்கள் குரல். நீங்கள் என்றைக்கு யாரிடம் அப்படிப் பேசினீர்கள்? அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்தவர், காதில் விழுந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். இருட்டும்வரை வரவில்லை. நான் அதை அழித்துவிட்டேன். வேண்டாம் என்று அந்த விளம்பரக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் இந்த 'ஆர்டர் அனுப்பியாச்சு, நன்றி'. பொய் சொல்லாமலும் உண்மை சொல்லாமலும் தப்பித்துக்கொள்ள எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடப் பேசினால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். இந்த இரண்டு மாதமாகக் கேள்விகள் குறைந்துகொண்டே வந்தன. நிம்மதி என்று நினைத்தேன். அப்புறம் ஆர்டரும் குறைந்தது.

இன்று காலை கவிதாவுக்கு எழுதி எழுதி அழித்தேன். 'கோபமெல்லாம் இல்லை' என்று மட்டும் போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம். கை அதைத்தான் அடித்தது. ஆனால் கோபம் இல்லை என்று உங்கள் சார்பில் சொல்ல நான் யார்? கடைசியில் வாய்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசினேன். "கவிதா, நான் அக்கா இல்லம்மா. அக்காவோட நாத்தனார். அண்ணி தை மாசம் தவறிட்டாங்க. சொன்னா நீங்கல்லாம் போயிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன்." எல்லாம் ஒரே மூச்சில். திரும்பப் பேசலாம் என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

கேட்டுவிட்டாள் என்று அடையாளம் வந்தது. நெத்திலியைப் பொட்டலம் போட்டேன், எடை தப்பியது, பிரித்து மறுபடி போட்டேன். செல்வி அக்கா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். போயிற்று, முதலில் கவிதா, அடுத்து புனே, அடுத்து துபாய் என்று மனசு ஒவ்வொருவராக அனுப்பிவைத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் 'டிங்' என்றது. வாய்ஸ் மெசேஜ். திறக்கப் பயந்து போனைக் கவிழ்த்து வைத்தேன். திட்டினாலும் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று பிறகு எடுத்துக் காதில் வைத்தேன். முதலில் பேச்சே இல்லை. சடசடவென்று ஏதோ பொரிகிற சத்தம். வாணலியில் கரண்டி உரசுகிறது. யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். ரொம்ப நேரம் அதுதான் கேட்டது. அப்புறம் கவிதா, தணிந்த குரலில் இல்லாமல், நன்றாக வாய்விட்டுச் சொன்னாள்:

"நெத்திலிதான்க்கா வறுக்கிறேன். வாசக் கதவை நல்லாத் தொறந்து வச்சிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் அக்காவுக்காக, இந்த மாடி பூரா வாடை வரட்டும்."

நான் நெத்திலி மூட்டைமேல் முகத்தை வைத்து அழுதேன், அண்ணி. நீங்கள் போன அன்றுகூட இப்படி அழவில்லை. அழுது முடிப்பதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே. ஐயோ, அந்த வீட்டுக்காரர்! இருக்கிற வீடும் போய்விட்டால்? நன்றி என்று எழுதப் போன விரலை எடுத்துவிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தேன். "சொல்லு கவிதா. வீட்டுக்காரர் வந்தாரா? என்ன சொன்னாரு?"

இத்தனை மாதத்தில் அந்தப் போனிலிருந்து நான் ஒருவரைக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் மாடியில் நின்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போயிருக்கிறார். நாளைக்குத்தான் என்ன நடக்கும் என்று தெரியுமாம். "பாத்துக்கலாம்க்கா" என்கிறாள். அவள் பார்த்துக்கொள்வாள். எனக்குத்தான் இன்று ராத்திரி தூக்கம் வராது.

சாயங்காலம் பேஜில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். உங்கள் படம் போடவில்லை, இசை போடவில்லை. கவிதாவிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். இதை எழுதும்போதே போன் 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டிருக்கிறது. எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள், எத்தனை பேர் போகப்போகிறார்கள் என்று தெரியவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், அண்ணி. கையைத் துடைத்துக்கொண்டு போகிறேன்.