கோட்டிகளை வெட்டிவிட்டார், ஜெனி

என் செல்ல ஜெனிக்கு,

நீ மஞ்சள்காமாலையில் போன பிறகு உனக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றும் சேரவில்லை. இருப்பதைச் சொல்கிறேன். நேற்று நம் இயற்பியல் துறையில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் எனக்கு அருவருப்பு போகவில்லை.

நம் தட்டு அப்படியேதான் இருக்கிறது. சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் பரப்பி, அடியில் மோட்டார் குலுக்க, மேலே கேமரா படம் பிடிக்க, ஆராய்ச்சி மாணவிகள் நாம் இருவரும் காது அடைத்துப்போய் நின்ற அதே தட்டு. காற்றின் மூலக்கூறுகள் மோதிக்கொண்டால் மொத்த ஆற்றல் குறையாது. ஒரு திசையில் அவற்றின் வேகங்களை வரைந்தால் ஆலயமணி மாதிரி ஒழுங்கான வடிவம் வரும். குண்டுகளோ ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் இழக்கும், குலுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். அதனால்தானோ என்னவோ, தலைதெறிக்கப் பாய்பவை மணி அனுமதிப்பதைவிட அதிகம் இருந்தன. வரைபடத்தின் இரு முனையிலும் வால் போல் நீளும் பகுதி தடித்தது.

"அக்கா, இதுவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு பாத்தியளா!" என்று சிரித்தாய். பைத்தியத்துக்கு நம் ஊரில் வேறு என்ன சொல்வோம்? அன்றிலிருந்து அவை நமக்குக் கோட்டிகள். கேமராதான் தப்பாகப் பார்க்கிறதோ என்று சந்தேகப்பட்டு, சில குண்டுகளுக்கு உன் சிவப்பு நெயில் பாலிஷைப் பூசி, படம் படமாகக் கண்ணாலேயே தொடர்ந்தாய். கோட்டிகள் நிஜம்தான்.

நம் பேராசிரியருக்கு அந்த வால் பிடிக்கவில்லை. நீ போனதும், கோட்டிகளின் கணக்கை வரைபடத்திலிருந்து வெட்டிவிடும்படி என்னிடம் சொன்னார். "அந்தப் பிள்ளயே கோட்டின்னுதான சொல்லிச்சு? பின்ன எதுக்கு வச்சிருக்க?" நான் மாட்டேன் என்றேன். அவரே வெட்டினார். நாம் ஆசையாய் வைத்த பெயரைக்கொண்டே உன்னைக் கவிழ்த்தார் பார்.

உன் படத்துக்குத் தோவாளையிலிருந்து பிச்சிமாலை வாங்கிப் போயிருந்தேன். படத்துக்குக் கீழே வால் இல்லாமல் வழவழவென்று ஒரு மணி வடிவ வரைபடம், அதன்மேல் உன் பெயர். ஆய்வுப் பத்திரிகைக்குப் போகும் கட்டுரையில் வருவதாம். பேராசிரியர் அதன்முன் நின்று கண்ணைத் துடைத்தார். பிறகு ஏத்தங்காய் சிப்ஸ் தின்றார்.

கடியப்பட்டணத்திலிருந்து உன் அம்மா வந்திருந்தார். அந்த மணியைத் தடவிப் பார்த்தார். "மோளே, இது எம்பிள்ள வரஞ்சதா?"

"இல்லம்மா. அவ வரஞ்சத வெட்டிப்போட்டாவ." சத்தமாகத்தான் சொன்னேன். அம்மா கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

பேராசிரியர் என்னை ஓரமாக இழுத்தார். "ஒனக்கும் கோட்டி பிடிச்சிருக்கா?"

சிவப்புக் குண்டுகளின் படங்கள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன. பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். உன் பெயர் அச்சில் வந்தால் வாலோடு வரும். இல்லையென்றால் அந்த மணியின்மேல் அது இருக்க விடமாட்டேன். என் பட்டம் என்ன ஆகும் என்றுதானே கேட்கிறாய்? தெரியவில்லை.

உன்,
கோட்டி பிடித்த அக்கா